கண்டக்டர் அக்காவைக் குணமாக்கிய பொடி

அவளுக்கு வாய் பெரிது என்பது அந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். முன்வாசலில் நின்றபடியே, பின்சீட்டில் காலை நீட்டிக் கிடப்பவனை ஒரே அதட்டலில் மடக்கிவிடுவாள். வயிற்றுப்பிள்ளைக்காரி நிற்கும்போது தூங்குவதுபோல நடிக்கிறவர்களின் காதருகே போய் விசிலை ஊதுவாள். "தூக்கம் போச்சா தம்பி? அப்ப எழுந்திரு." வண்டியே சிரிக்கும். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். அந்த வழித்தடத்தில் அவளுக்குக் கண்டக்டர் அக்கா என்று பெயர். வேறு பெயர் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

மார்பில் கட்டி இருப்பதைக் காட்டிக் கொடுத்ததும் அந்த வேலைதான். தோளிலிருந்து குறுக்காக இறங்கும் பணப்பையின் தோல்வார் ஒரே இடத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. வாரை மாற்றினாள், பையை மாற்றினாள், தோளை மாற்றினாள். உறுத்தல் மாறவில்லை. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் வயதில் சின்னவள். ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "புற்றுநோய்தாம்மா. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க. முதல்ல கீமோ ஏத்திக் கட்டியைச் சுருக்குவோம். நல்லாச் சுருங்கிடுச்சுன்னா மார்பை எடுக்காம கட்டியை மட்டும் எடுத்துடலாம். முழுசா குணமாக்கத்தான் இவ்வளவும். நடுவுல மட்டும் நிறுத்தக் கூடாது" என்றாள்.

"நான் ஸ்டாப் இல்லாத இடத்துல வண்டியை நிறுத்தினதே இல்ல டாக்டர்" என்றாள் கண்டக்டர்.

சொன்னபடியே நடந்தாள். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மிச்சத்தையும் தானே மழித்துக்கொண்டாள். விரல் நுனி மரத்துப் போனது. நாக்கு செத்துப் போனது. எதைத் தின்றாலும் துருப்பிடித்த இரும்பை நக்குவதுபோல இருந்தது. அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் பழுது பார்க்கும் ஃபிரிட்ஜ்கூட அவரைவிட அதிகமாக முனகும் என்று அவளே சொல்வாள். அவர் மாலை வேலையை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தார். தினமும் காய்கறி சூப் வைத்து, ஆற்றி, கையில் கொடுத்தார். அவளுக்கு அது சுடுதண்ணீரா சூப்பா என்று தெரியாது. இருந்தாலும் அவர் முகத்துக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

கட்டி சுருங்கியது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாதியாயிடுச்சு" என்று சொன்ன நாளில், வீட்டுக்கு வந்து சீருடையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது. தொப்பியை வைத்து மொட்டைத் தலையை மறைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார், கணவரின் அக்கா, "அப்படியே நில்லு" என்று சொல்லி போனில் படம் எடுத்தாள். படத்தில் கண்டக்டர் வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

பிறகுதான் கண் மஞ்சளானது.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் இறுகிவிட்டது. "கல்லீரல் ரொம்பக் கெட்டிருக்கு. கீமோவால கொஞ்சம் கெடும். ஆனா இந்த அளவுக்குக் கெடாது. வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களா? பொடி, லேகியம், கஷாயம், மாத்திரை? திட்டமாட்டேன், சொல்லுங்க."

கண்டக்டருக்குச் சுருக்கென்றது. "டிக்கெட் வாங்காம வண்டியில ஏறினவ மாதிரி கேக்கறீங்க? நீங்க கொடுத்ததைத் தவிர ஒரு மிளகுகூட நானாத் தின்னதில்ல. இவரையே கேளுங்க!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தரையைப் பார்த்தார். அவர் எப்போதும் தரையைப் பார்க்கிற மனிதர்தான். அதனால் இரண்டு பெண்களுக்கும் எதுவும் தோன்றவில்லை.

அடுத்த கீமோவைத் தள்ளிப் போட்டார்கள். கல்லீரல் தேறட்டும் என்று காத்திருந்தார்கள். அது தேறவில்லை, இன்னும் மோசமானது. சிறுநீர் கறுப்புத் தேநீர்போல இறங்கியது. உடம்பெல்லாம் அரித்தது. கைகால் அசைக்க முடியாத அசதி. கணவர் மட்டும் ஒரு வேளைக்கு இருந்த சூப்பை இரண்டு வேளையாக்கினார்.

ஒரு மத்தியானம் தாகத்தோடு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். இடது கையில் ஒரு டப்பா. கரண்டியால் பழுப்புப் பொடியை அள்ளி, சூப்பில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

அவர் கை நின்றது. திரும்பவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். என்ன அது?"

"எங்க அக்கா கொடுத்தது" என்றார். "மூலிகை. உனக்கு ஒரு கெடுதலும் செய்யாதுன்னாங்க. கட்டியை உருக்கிடுமாம். உன்கிட்ட சொன்னா நீ வேணாம்னு சொல்லுவேன்னு..."

"எவ்வளவு நாளா?"

"முதல் ஊசி போட்டதுலேர்ந்து."

"அன்னைக்கு டாக்டர் கேட்டாங்களே. பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே. என்னைப் பொய்க்காரின்னு நினைச்சிருப்பாங்களே அவங்க! அன்னைக்காவது நிறுத்தியிருக்கலாம்ல?"

"கீமோதான் ஈரலைச் சுடுதாம். பொடிதான் காப்பாத்துமாம். அதனால ரெண்டு வேளையாக் குடுக்கச் சொன்னாங்க."

திருமணமான நாளிலிருந்து அவரை நீங்க என்றே அழைத்தவள் அவள். அன்றைக்கு அது அறுந்தது. "நாக்கு செத்துப்போச்சுன்னு உன்கிட்டதானேடா புலம்பினேன்? அது உனக்கு வசதியாப் போச்சா? கசப்பு தெரியாதுன்னு ஊத்தி ஊத்தி விட்டியா?" சூப்புச் சட்டி சுவரில் மோதி விழுந்தது. எறியும் அளவுக்குத் தன் கையில் தெம்பு இருந்தது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து, டாக்டரின் எதிரில் நிறுத்தினாள். "நீயே சொல்லு." அவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. டாக்டர் கத்தவில்லை. டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஈரலைக் கெடுக்கும் வேர் ஒன்றும், எந்த உடம்புக்கும் ஆகாத உலோகத் தூளும் அதில் இருந்ததாகப் பதில் வந்தது. பொடியை நிறுத்தியதும் மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் கீமோ இல்லாத அந்த இடைவெளியில், சுருங்கிக் கிடந்த கட்டி மறுபடியும் தலைதூக்கியிருந்தது.

"இனி கட்டியை மட்டும் எடுக்க முடியாதும்மா" என்றாள் டாக்டர். "மார்பையே எடுக்கணும்."

கண்டக்டர் கணவரைப் பார்த்தாள். அவர் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. தான் அழ வேண்டிய நேரத்தில் அவர் முந்திக்கொண்டாரே என்று.

நாத்தனார் பழத்தோடு வந்தாள். "நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சோம். உன்மேல பாசம் இல்லாமலா?"

"நல்லதுன்னா எதுக்கு அண்ணி மறைச்சீங்க? டாக்டர்கிட்ட சொல்ல முடியாத நல்லது என்ன நல்லது?"

நாத்தனார் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதோடு போயிருந்தால் வீட்டுச் சண்டையாக முடிந்திருக்கும். அவளோடு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருநாள் நலம் விசாரிக்க வந்தார். "அக்கா, நீங்க கீமோன்னு சொன்னீங்க. இதுல வேற மாதிரி போட்டிருக்கே?" என்று போனை நீட்டினார். திரையில் அவள் நின்றிருந்தாள். சீருடை, தொப்பி, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில்: "கத்தி இல்லை, ஊசி இல்லை! நம்ம கண்டக்டர் அக்காவின் புற்றுநோய்க் கட்டி பொடியிலேயே கரைந்தது!"

நாத்தனார் அந்தப் படத்தைச் சந்தோஷத்தில், தனக்குப் பொடி விற்ற பொடிக்காரருக்கு அனுப்பியிருந்தாள். அவர் அதை ஊருக்கே அனுப்பியிருந்தார்.

கண்டக்டர் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வண்டியை எடுங்க" என்றாள் டிரைவரிடம்.

செருப்புக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அந்த அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். எதிர்ச் சுவரில் அவளுடைய படம், கதவு உயரத்துக்கு. அதன் அடியில் வெள்ளை உடுப்பில் பொடிக்காரர் உட்கார்ந்து, ஒருவரின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். பள்ளி விடுதியில் சமைக்கிறவள். காலை முதல் வண்டியில் தினமும் ஏறுகிறவள். "ஐயோ கண்டக்டர் அக்கா! நீங்களேதானா! உங்களைப் பாத்துதான் எனக்கு உயிரே வந்துச்சு. எனக்கும் அதே இடத்துலதான் கட்டி. ரெண்டு கீமோ போட்டாங்க, தாங்க முடியல. உங்க படத்தைப் பாத்ததும் ஆஸ்பத்திரியே வேணாம்னு விட்டுட்டேன்."

கண்டக்டர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"இந்த முடி எதுல போச்சு? பொடியிலயா? கட்டி சுருங்கினது ஊசியில. கண்ணு மஞ்சளானது இந்த ஆளு பொடியில. இப்ப என் மார்பை எடுக்கப் போறாங்க, தெரியுமா? அதையும் படம் எடுத்து மாட்டச் சொல்லு!"

பொடிக்காரர் எழுந்தார். குரலில் வெண்ணெய் வழிந்தது. "கோபப்படாதீங்கம்மா. மனசுல கோபத்தை அடக்கி அடக்கித்தான் இந்த நோயே வருது."

"அடக்கியா? நானா?" என்றாள். "என் வண்டியில வந்த யாரையாவது கேளு! கோபத்துல நோய் வரும்னா, உன்கிட்ட மருந்து வாங்கினவங்க வீட்டுல ஒருத்தர் பாக்கி இருக்கமாட்டாங்க!"

படத்தைப் பிடித்து இழுத்தாள். அது மேலிருந்து கீழே கிழிந்து வந்தது. நாடி பார்க்கக் கை நீட்டியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு பேர் எழுந்து படியிறங்கினார்கள். மற்றவர்கள் இறங்கவில்லை. சண்டைக்காரி போகட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். அது அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. வண்டியில் அவள் அதட்டினால் எழுந்திருக்காத ஆளில்லை. இங்கே எழுந்திருக்க மறுக்கிறார்கள்.

சமையல்காரப் பெண்ணை மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். "கீமோ தாங்க முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லு. வாந்திக்கு மருந்து இருக்கு, வலிக்கு மருந்து இருக்கு. ஓடி வந்துடறதா?" அவளோ அழுதுகொண்டே, "நீங்க சிரிச்சீங்களே அக்கா, அந்தப் படத்துல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேன் எடுத்தாள். சமையல்காரப் பெண்ணின் நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. முதலில் வந்தபோது மார்போடு நின்றிருந்த நோய். "இனி முழுசா குணப்படுத்த முடியாது. கொஞ்ச காலம் வலியில்லாம வெச்சுக்கலாம்" என்றாள் டாக்டர்.

கண்டக்டரும் டிரைவரும் புகார் கொடுத்தார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து டப்பாக்களை அள்ளிப் போனார்கள். அறைக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு தெரு தள்ளி வேறு பலகையோடு, வேறு நிறப் பொடியோடு அதே ஆள் மறுபடியும் திறந்தார். அவள் மறுபடியும் புகார் கொடுத்தாள். இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அறுவை சிகிச்சை முடிந்து, மிச்ச கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, முடி குட்டையாக முளைத்த பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். கணவரை வீட்டை விட்டு அனுப்பவில்லை. வெகுநாள் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டாள். நடக்க முடியாத நாளிலும் அடுப்படிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சமைத்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் அசதியில், "ஒரு டீ போட்டுக் குடுங்க" என்றாள். அவர் டீ போடும்போது அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இப்போதும் பார்க்கிறாள். அவருக்கு அது வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வலிக்கட்டும் என்றுதான் நிற்கிறாள்.

பஸ்ஸில் யாராவது, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடி இருக்கு" என்று பக்கத்து சீட்டில் பேச்செடுத்தால் போதும். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்வாள். "எந்தப் பொடி? யார் கொடுத்தா? டாக்டருக்குத் தெரியுமா?" பேசினவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவோரும் உண்டு.

சமையல்காரப் பெண் ஒரு மழைக்காலம் வரை இருந்தாள். கண்டக்டர் ஓய்வு நாளிலெல்லாம் போய்ப் பார்த்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துக் கொடுப்பாள். மருந்து வேளைக்கு எழுப்புவாள். இருவரும் பொடிக்காரரைப் பற்றிப் பேசியதில்லை. விடுதிப் பிள்ளைகள் யாருக்கு உப்புக் கூட வேண்டும், யார் தட்டில் மிச்சம் வைப்பார்கள் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருப்பாள். இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் அந்த வீட்டில் சமையல்காரப் பெண்ணின் மகள் கண்டக்டரைக் கட்டிக்கொண்டாள். "கடைசி வரைக்கும் அம்மா உங்களை ஒரு வார்த்தை திட்டினதில்ல அக்கா."

கண்டக்டர் அவள் தலையைத் தன் தட்டையான மார்புப் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "திட்டியிருக்கணும்டி" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னை, அந்த ஆளை, எல்லாரையும். தெருவே கேக்கற மாதிரி திட்டியிருக்கணும்."

பிறகு முதன்முறையாக, வாய்விட்டு அழுதாள்.