ஒழுகிய கூரையும் எஸ்டேட் ஆபீசும்

இலங்கையிலிருந்து வந்து கூடலூர் பக்கம் நாங்கள் கட்டிய முதல் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டவர் ஒரு காண்ட்ராக்டர். ஆணிகளை நெளிதகட்டின் மேட்டில் அடிக்காமல் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்துவிட்டு, கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய்விட்டார். முதல் மழையிலேயே ஆணி இருந்த இடமெல்லாம் ஒழுகியது. பிரசவித்து ஒரு வாரம்கூட ஆகாத என் மனைவி, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்தாள்.

"யாருகிட்டயாவது போய்ச் சொல்லுங்களேன்" என்றாள்.

தலைதெறிக்க ஓடினேன். எங்கே? நான் கூலி வேலைக்குப் போன எஸ்டேட்டின் ஆபீசுக்கு. தொப்பலாக நனைந்து, கைகட்டி நின்றேன். இலங்கையில் எங்கள் லயம், அதாவது கம்பெனி கொடுத்த லைன் வீடு, ஒழுகினால் அப்படித்தான். ஆபீசில் சொன்னால் கம்பெனி ஆள் அனுப்பும்.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "எந்த லைனுங்க?"

"லைன் இல்லைங்க. என் சொந்த வீடு."

"ஏனுங்க, சொந்த ஊடு ஒழுகுனா இங்க வந்து சொல்றீங்களே. நாங்க என்னங்க பண்றது?"

கேலியாகக் கேட்கவில்லை, பாவம். எனக்குக் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. மரத்துப்போய்த் திரும்பி நடந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"வீட்டுக்காரன்கிட்டயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஏணி தேடுறாரு."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான், அந்தக் கூரை என்னுடையது என்று எனக்கே உறைத்தது.