ஆறு ரூம் லீடர்

ஜுபைல் கேம்ப்பில் கார்மேகத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஆறு ரூம் லீடர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதில் என்னமோ பெரிய அதிசயம் மிதப்பதுபோல.

கமுதிப் பக்கத்துக்காரர். ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, திருச்சியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, பம்பாய் ஏஜென்ட் வழியாக எழுபத்தாறில் சவுதிக்கு வந்து சேர்ந்தவர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. சூப்பர்வைசர் கண்டபடி திட்டினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அதைச் சிலர் பொறுமை என்றார்கள், சிலர் வேறு மாதிரி சொன்னார்கள். ஊரில் மனைவி நாகவள்ளிக்கு மட்டும் அந்தக் குணத்தில் ஏகப் பெருமை. வம்பு தும்புக்குப் போகாத மனுஷன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் கேம்ப்பின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அங்கே இருந்தவை நாலு நீள ரூம்கள், ரூமுக்கு இருபது பேர். சமையல் முறை ரூம் கணக்கில்தான் வரும். அதனால் எந்த விஷயமானாலும் ரூமுக்குள் பேசி முடித்து, வெள்ளிக்கிழமை மெஸ் கூட்டத்தில் ரூமுக்கு ஒருத்தர் எழுந்து சொல்வது பழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் கேம்ப் லீடரைத் தேர்ந்தெடுத்ததும் அப்படியே. கம்பெனியிடம் போய்ப் பேசும் ஆள் அந்த லீடர்தான். சங்கம் கிங்கம் என்று வாயைத் திறந்தால் அடுத்த விமானத்தில் ஊர். ஆகவே அதற்கு மெஸ் கூட்டம் என்றே பெயர்.

பிறகு ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கென்று ஏஸி வைத்த சின்ன ரூம்கள் ஆறு வந்தன. ரூமுக்கு நாலே பேர். அவர்களுக்கும் ரூமுக்கு ஓர் ஓட்டு. இருபது பேருக்கும் ஒன்று, நாலு பேருக்கும் ஒன்றா என்று அப்போது ஒரு பயலும் கேட்கவில்லை. புது ஏஸியை வேடிக்கை பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

எழுபத்தெட்டு கோடையில்தான் அது உறைத்தது. நீள ரூம்காரர்கள் திறந்த வெளியில் பைப் லைன் போடுகிறவர்கள். என்னை லீடராக்கினால் மத்தியான டூட்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்பேன், தராவிட்டால் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டோம் என்றான் சோலைமுத்து. நல்ல வெல்டர், வாய்க்காரன். நாலு நீள ரூமும் அவன் பக்கம். சின்ன ரூம்காரர்களுக்கு வேலை கூரைக்கு அடியில், ஃபேன் காற்றில். அவர்களுக்கு எதற்கு வம்பு? தங்களில் ஒருவரான கார்மேகத்தை நிறுத்தினார்கள். ஆறுக்கு நாலு. எண்பது பேர் ஒருவனைக் கேட்டார்கள், இருபத்திநாலு பேர் கேட்டவர் லீடரானார்.

கார்மேகத்துக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜூலையில் ஒரு சாயங்காலம், துணி துவைக்கிற தொட்டியருகே வைரவன் வந்து நின்றான். இரண்டாவது நீள ரூம், பரமக்குடிப் பக்கத்துப் பையன்.

"அண்ணே, நெசத்தச் சொல்லிப்புடுறேன். எங்க ரூம்ல ஒருத்தங்கூட ஒங்கள வேணும்னு சொல்லல. ஆனா இப்ப நீங்கதான லீடரு. மத்தியானத்துல ஒரு ரெண்டு மணி நேரம் நெழல்ல உக்கார விடச் சொல்லுங்கண்ணே. தல கிறுகிறுன்னு வருது."

"ஆகட்டும்ப்பா. கேம்ப் பாஸ் இப்பக் கோவத்துல இருக்காரு. அடுத்த வாரம் சமயம் பாத்துக் கேக்குறேன்" என்றார் கார்மேகம்.

கேம்ப் பாஸ் கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர். அவர் கோபத்தில் இல்லாத வாரம் என்று ஒன்று கிடையாது. இது கார்மேகத்துக்கும் தெரியும், வைரவனுக்கும் தெரியும்.

அந்த அடுத்த வாரம் வைரவனுக்கு வரவே இல்லை. நட்ட நடுப்பகலில் பைப் பள்ளத்துக்குள் சுருண்டு விழுந்தான். பிக்கப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் திரும்பி வந்த டிரைவர் "கலாஸ்", முடிந்துவிட்டது என்று அரபியில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு கார்மேகத்தின் பகல்கள் கெட்டுப்போயின. ஒர்க்‌ஷாப் நிழல் முடிகிற இடத்தில், சரியாக வெயில் தொடங்குகிற விளிம்பில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு வைரவன் நிற்பான். நிழலுக்குள் காலெடுத்து வைக்க மாட்டான். எதுவும் கேட்க மாட்டான். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஒருநாள் கார்மேகம், "உள்ள வாப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டார். பக்கத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அம்மையப்பன் வெறும் வெயிலைப் பார்த்தார், பிறகு கார்மேகத்தைப் பார்த்தார். இருவரும் ஒரே ரூம்.

மனசு பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடும் இல்லையா? கார்மேகத்துக்கு ரூமுக்கு ஓர் ஓட்டு என்ற வழக்கம் அகப்பட்டது. தலையை எண்ணியிருந்தால் சோலைமுத்துதானே வந்திருப்பான்? அவன் கேட்டிருப்பான். வைரவன் இருந்திருப்பான். நானாகவா போய் உட்கார்ந்தேன், ரூம் கணக்கு என்னை உட்கார வைத்தது. இந்தக் கணக்கை ஒழித்துவிட்டால் அந்தப் பையன் வெயிலை விட்டுப் போய்விடுவான் என்று அவருக்கு உறுதியாகப்பட்டது.

"ரூமுக்கு ஒண்ணுங்கறது அநியாயம். இனிமே ஆளுக்கு ஒரு கை" என்றார் அம்மையப்பனிடம்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. அப்புறம் நீள ரூம் வெச்சதுதான் சட்டம். நாம நாலு நாலு பேரு. நம்ம பேச்சை எவன் காதுல வாங்குவான்? சின்ன ரூமுக்கும் ஒரு மரியாதை வேணுமில்ல?"

"மரியாதை ஏஸியோட போதும்."

அம்மையப்பன் சொன்னதிலும் ஞாயம் இல்லாமலில்லை. ஆனால் கார்மேகத்துக்கு ஞாயம் தேவைப்படவில்லை, விடுதலை தேவைப்பட்டது. ரூம் ரூமாகப் போனார், கெஞ்சினார். மாற்றாவிட்டால் லீடர் வேலையே வேண்டாம் என்றார். கடைசியில் சின்ன ரூம்களில் இரண்டு, இந்த மனுஷன் தொல்லை விட்டால் போதுமென்று இறங்கி வந்தன. நீள ரூம்கள் நாலோடு அந்த இரண்டும் சேர, வழக்கம் மாறியது. புதிதாகத் தேர்தல் என்று முடிவாயிற்று.

இதற்கு நடுவே, வைரவன் செத்த அன்று ஆபீஸ் வாசலில் சத்தம் போட்ட இரண்டு பேரைக் கம்பெனி ஊருக்கு ஏற்றிவிட்டிருந்தது. சோலைமுத்துவின் கூட்டாளிகள். அவனை மட்டும் வெல்டிங் கைக்காக விட்டுவைத்திருந்தார்கள். கார்மேகம் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மெஸ்ஸுக்கு, சாவியை ஒப்படைக்கப் போகிறவர் மாதிரி லேசாக நடந்து போனார்.

சோலைமுத்துவின் பேரைச் சொன்னதும் ஒரு பத்துக் கைகள் எழும்பின. கார்மேகத்தின் கையும் அதில் ஒன்று. மற்றவர்கள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துக் கார்மேகத்தின் பேரைச் சொன்னார்கள். முதல் கை இரண்டாவது நீள ரூமிலிருந்துதான் எழுந்தது. வைரவனின் அக்காள் புருஷன் ஜெயமணி. அதன் பிறகு மெஸ் முழுக்கக் கை.

சோலைமுத்து தட்டைக் கழுவப் போனான். கார்மேகம் எழுந்து போய் ஜெயமணியின் தோளைப் பிடித்தார்.

"ஏம்ப்பா நீ எனக்குத் தூக்குன? நீயுமா?"

"இந்த நேரத்துல சண்டைக்காரன் வேணாம்ணே. கம்பெனிக்காரன் எல்லாத்தையும் பிளேன் ஏத்திருவான். நீங்கன்னா கம்முனு இருப்பீங்க." ஜெயமணிக்குக் கண் கலங்கியது. ஆறுதலாகச் சொல்ல ஏதோ தேடினான். "இப்ப அவன் உசுரோட இருந்தாலும் ஒங்களுக்குத்தான் தூக்கியிருப்பான்ணே."

கார்மேகம் அவன் தோளை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். இதுவரை ரூம் கணக்கின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு எப்படியோ தூங்கியிருந்தார். இப்போது கணக்கில் குற்றமே இல்லை. தலைக்குத் தலை எண்ணி, ஒளிவுமறைவில்லாமல், எல்லோருமாகச் சேர்ந்து அவரைத்தான் வேண்டுமென்றிருந்தார்கள்.

மறுநாளும் நடுப்பகல் வெயிலில் பைப் இறக்கினார்கள். லீடர் யாரிடமும் போய் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தானே அவருக்குக் கை தூக்கியிருந்தார்கள்.