கிலுகிலுப்பை போன வீடுகள்

தாலாட்டுச் சேகரிப்பவனுக்கு முதல் பகை தூங்கிவிட்ட குழந்தை. அடுத்த பகை அழுகையை நிறுத்தாத குழந்தை. நோட்டும் பென்சிலுமாக அயலார் வாசலில் நின்றிருக்கும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தென்னூரில் தொடக்கம்

பென்சிலின் ஊசிக்கு எந்த நோயும் தீரும் என்று திருச்சி முழுவதும் நம்பிய ஐம்பதுகள் அவை. குழந்தையை அடக்கப் போகுமிடமெல்லாம் நான் ஒரு மரக் கிலுகிலுப்பை வைத்திருந்தேன். தென்னூரில் காமாட்சி என்பவளின் மகன் அதைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் தாலாட்டுப் பாடினாள். குழந்தையின் கழுத்தில் கட்டிகள். விசாரித்தேன்.

"ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்ததுலேர்ந்து இப்படித்தாங்க. தும்மினாக்கூட ஊசி போட்டாங்க. இந்தக் கட்டி மட்டும் அசைய மாட்டேங்குது!"

திருவெள்ளறையில் ஒரு புதிய அடி

காமாட்சி 'தங்கத் தொட்டில்' என்று பாடிய இடத்தில், திருவெள்ளறைச் செல்லம்மாள் 'வேப்பந் தொட்டில்' என்றாள். ஒரே பாட்டில் புதுப் பாடம்; நான் துள்ளிக் குதிக்காத குறை! இரண்டு வாரம் கழித்து அந்த அடியைச் சரிபார்க்கப் போனேன். அவள் மகளுக்குத் தொடையெல்லாம் கட்டி, கொதிக்கும் காய்ச்சல். மூன்று நாள் பென்சிலின் போட்டும் பயனில்லை.

"பாட்டை எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க. எம் பொண்ணு பால் குடிக்கறதையே விட்டுட்டா. இவ பொழைக்க வழி அந்த நோட்டுல இருக்குங்களா?"

ஸ்ரீரங்கத்து ஆய்வுக்கூடம்

தாயையும் சேயையும் அடுத்த பஸ்ஸிலேயே என் டாக்டர் நண்பரிடம் அழைத்து வந்தேன். கட்டியின் சீழைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி, பென்சிலின் தோய்த்த காகித வில்லையை நடுவில் வைத்தார். வில்லையைச் சுற்றிக் கிருமிகள் அழிந்து வெறுமை தெரிய வேண்டும். மறுநாள் அவை வில்லையின் விளிம்புவரை செழித்திருந்தன! செல்லம்மாளின் மகளுக்கு உடனே வேறு மருந்து தொடங்கினார். "ஆஸ்பத்திரியில் பென்சிலினுக்குப் பழகின கிருமி ஓய் இது! கிராமத்துக்கு எப்படிப் போச்சு?" என்றார்.

நோட்டைப் புரட்டினேன். தென்னூருக்கும் திருவெள்ளறைக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் பாட்டு எழுதியிருந்தேன். அங்கே ஓடினேன்; அந்தக் குழந்தைக்கும் கட்டி! பாடல்களுக்கு நான் வரைந்த வழிவரைபடமே கட்டிகளுக்கும் வரிசை மாறாமல் பொருந்தியது. இத்தகைய தெளிவான பரவலை என் ஆய்வில் கண்டதே இல்லை. திரும்பி வந்து, பூரிப்பில் பையிலிருந்ததை எடுத்து ஆட்டியபடியே விளக்கினேன்.

"ஓய், முதல்ல அந்தக் கிலுகிலுப்பையைக் கீழே வையும்!"

திருவெள்ளறையில் மீண்டும்

கிலுகிலுப்பையிலும் அதே கிருமி இருந்தது. மூன்று குழந்தைகளும் புதிய மருந்தில் தேறின. மன்னிப்புக் கேட்கக் கைகளைக் கழுவிக்கொண்டு, வெறுங்கையுடன் போனேன். கிலுகிலுப்பையைக் காணாமல் செல்லம்மாளின் மகள் வீடே அதிர வீறிட்டாள்; தாய் குரல் கொடுத்தாள்.

"வாங்கய்யா. வாசல்லயே நில்லுங்க, உள்ளேருந்து பாடறேன், எழுதிக்குங்க!"

பாடல்கள் ஊர்விட்டு ஊர் பரவும் வழியை ஆயுள் முழுதும் ஆராய்ந்த நான், ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய ஒரே வழி என் தோள்பைக்குள்தான் இருந்தது.