படுதாவுக்குப் பின்னால் எட்டாம் நிரை

எங்க தோட்டத்து விடியக்காலைப் பனி இருக்கே, அது ஆளையே முழுங்கிடும். மலாக்காவுல செர்காம் பக்கம் கடல்லேருந்து ஏறி வந்து ரப்பர் மரத்துக்கு நடுவுல படுத்துக்கும். பக்கத்து நிரையில, அதான் மர வரிசையில, பால் வெட்டுறவ இருக்காளா, போயிட்டாளான்னே தெரியாது. அதனால பாடுவோம். நான் எட்டாம் நிரை. ஒரு அடி பாடி, கடைசியில "ஏஏலோ"ன்னு நீட்டி விடுவேன். ஒன்பதாம் நிரைக்காரி "ஓ…"ன்னு பதில் குடுப்பா. அவளுக்கு அடுத்தவ, அதுக்கும் அடுத்தவன்னு பதில் பனிக்குள்ளயே நடந்து போயி மேட்டுப் பக்கம் எங்கேயோ கரையும். பாம்பு, புலி பயத்துல ஆரம்பிச்ச பழக்கம்தான். ஆனா அந்த நேரம் எனக்கு ஒடம்பே இல்லாத மாதிரி இருக்கும். குரல் மட்டும்தான் நான். அம்புட்டு சுகம்.

இதெல்லாம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்து இருபதுகளோட கடைசியில. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகலை. அம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆம்பளைங்க வருசா வருசம் நாடகம் போடுவாங்க. பொம்பளை மேடை ஏறக் கூடாது. ராணி வேசம் கட்டுறவரு கடையில அரிசி அளக்குற அண்ணன். சேலை கட்டி நடந்தாருன்னா நாங்களே பொறாமைப்படுவோம், அப்படி ஒரு நடை. அந்த வருசம் பாவம், அவருக்குத் தொண்டை கட்டிக்கிட்டு காத்துதான் வருது. எங்களை வேலை வாங்குற கங்காணிதான் நாடகத்துக்கும் வாத்தியாரு. நேரா நாங்க குடியிருக்குற லயத்துக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட பேசினாரு. நான் அங்கதான் நிக்கிறேன், என்கிட்ட ஒரு பேச்சு இல்ல.

"ஒம்பொண்டாட்டி படுதாவுக்குப் பின்னால நின்னு பாடட்டும். அவன் முன்னால வாயசைப்பான். வெளிய தெரிஞ்சா நாடகத்துக்கே மானக்கேடு, சொல்லிட்டேன்."

மானக்கேடாம்! என் குரல் வேணுமாம், நான் வேணாமாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. "ஒனக்கு இஷ்டம்னா பாடு புள்ள"ன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. இஷ்டம்தான், என்ன செய்ய. ஆர்மோனியத்தோட ஒரு தடவையாச்சும் பாடணும்னு எனக்குச் சின்ன வயசுலேருந்து ஆசை. சரின்னுட்டேன்.

ஆர்மோனியம் வாசிக்கிறது ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி. ஒத்திகையில நான் வாயைத் தொறந்ததும் கையைத் தூக்கிட்டாரு. "இவ்வளவு மேல வேணாம்மா. ஆம்பளை சுருதிக்கு எறங்கி வா, இல்லாட்டி கண்டுபிடிச்சிடுவாங்க." எறங்கினேன். கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி எறங்கினேன். அடியில போய்ப் பாடினா, அது யாரு குரலோ எனக்கே தெரியலை.

திருவிழா அன்னைக்கு விளக்கு வச்ச நேரத்துல நாடகம் ஆரம்பம். கேஸ் விளக்கு உஸ்ஸுன்னு எரியுது. முன்னால பாய் விரிச்சு எங்க பால்வெட்டுப் பொம்பளைங்க, பின்னால செர்காம் கம்பத்துலேருந்து, அதான் அவங்க கிராமத்துலேருந்து, வந்த மலாய்க்காரக் குடும்பங்க. மலாக்கா டவுன்ல வாடகைக்கு எடுத்த படுதாவுல காடு எழுதியிருந்துச்சு. நான் பின்னாலேருந்து பாக்குறேன். வெளிச்சம் துணி வழியா ஊறி, மரமெல்லாம் மங்கலா, வெள்ளையா நின்னுச்சு. அப்படியே நம்ம பனி.

காட்டுல ராஜாவைத் தேடுற ராணி பாட்டு. பாடப் பாட நான் எங்க நிக்கிறேங்கிறதே மறந்துபோச்சு. காலுக்குக் கீழ ஈரச் சருகு இருக்குற மாதிரி இருந்துச்சு. அடி முடிஞ்சுது. வாய் தன்னால "ஏஏலோ"ன்னு நீட்டிடுச்சு. அதுவும் என் சுருதியில!

பாயிலேருந்து "ஓ…"ன்னு வந்துச்சே பதில். ஒன்பதாம் நிரைக்காரி. பாவி மக, அவளும் யோசிக்கலை, பழக்க தோசம். அடுத்தது பத்தாம் நிரை, பதினொண்ணாம் நிரைன்னு பாய் நெடுக ஓடுது. அப்புறம்தான் அவளுங்களுக்கே சுருக்குன்னு உறைச்சுது.

"அடியேய், ராணி இல்லடி! நம்ம எட்டாம் நிரைடி இது!"

ஒரே சிரிப்பு, விசில். "நிறுத்துய்யா பெட்டிய!"ன்னு கங்காணி கத்தினாரு. ஆர்மோனியம் நின்னுச்சு. போச்சுடா சாமி, இனி ஜென்மத்துக்கும் நம்மளப் பாட விட மாட்டாங்கன்னு கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னேன்.

ராணி வேசம் கட்டின அண்ணன் படுதாவை விலக்கிக்கிட்டு உள்ள வந்தாரு. என் கையைப் புடிச்சாரு. காத்துக் குரல்ல, "வா தங்கச்சி. ஆட்டம் என்னுது, பாட்டு ஒன்னுது. ரெண்டு பேருமே நிப்போம்"ன்னாரு. வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வந்துட்டாரு.

"பொம்பளை மேடையிலயா?"ன்னு கங்காணி எகிறினாரு.

பாயிலேருந்து யாரோ ஒருத்தி, "ஏன், வெள்ளன நிரைக்கு மட்டும் பொம்பளை வேணுமோ?"ன்னா. கங்காணி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஒதுங்கி நின்னாரு.

நான் பழைய சேலையில நிக்கிறேன். பெட்டியும் இல்ல. கண்ணை மூடினேன், பனி வந்துச்சு. அதே அடியை என் சுருதியில எடுத்தேன். நீட்டினேன். இந்தத் தடவை எல்லாரும் தெரிஞ்சே பதில் குடுத்தாளுங்க. பின்னால மலாய்க்காரப் புள்ளைங்களும் "ஓ…"ன்னு சேந்துக்கிச்சுங்க. அண்ணன் ஆட ஆரம்பிச்சாரு.

ரெண்டாவது அடியில, பக்கத்துல பெட்டி மெல்ல முனகுற சத்தம் கேட்டுச்சு. கிராணி ஒவ்வொரு கட்டையா அமுக்கிப் பாத்து என் சுருதியைத் தேடுறாரு. அங்க இல்ல, இங்க இல்ல, தடுமாறுறாரு. நான் நிறுத்தலை. தேடட்டுமே.