தாக்குகோணம்

நேற்று கைப்பேசியில் ஒரு விண்கலம் பாரசூட்டில் தொங்கியபடி கடலில் இறங்கியது. அடிப்பக்கம் சோற்றுப்பானை போலக் கருகியிருந்தது. உங்களுக்கு விஞ்ஞானம் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது சிவப்பு மார்க்கர் மையின் வாசனை. அதன் பின்னாலேயே பேராதனைச் சந்திச் சோதனைச்சாவடியின் ஈர மணல்மூட்டைகள்.

யுத்த காலம். நானும் நேசனும் மலையகத்துக் கலஹாவில் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், ஒரே அறை. அவன் யாழ்ப்பாணம், விஞ்ஞானம். நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கணக்கு. கண்டியில் ஒரு கண்காட்சிக்காக, பூமிக்குத் திரும்பும் கலமொன்றை வரைந்தான். பார்த்தால் கவிழ்த்த கோப்பை. ஊசிபோல் கூராக இருக்கவேண்டாமா என்றேன்.

"கூரெண்டா எரிஞ்சு போம் மச்சான். மொண்ணையா இருந்தாத்தான் முன்னால காத்து அணையாட்டம் நிண்டு சூட்டைத் தள்ளிவிடும். செக்பொயின்ரிலயும் அப்பிடித்தான் நிக்கோணும்."

என் கையெழுத்தில் எனக்கொரு கர்வம். படத்தில் பாகங்களின் பெயர்களை நானே எழுதினேன். கலம் எந்தச் சாய்வில் காற்றைச் சந்திக்கிறதோ, அதற்குப் பாடப்புத்தகத் தமிழ் 'தாக்குகோணம்'. அதைக் கொட்டை எழுத்தில், சிவப்பில், அம்புக்குறியோடு.

படத்தைச் சுருட்டிக்கொண்டு கண்டிக்குப் போகும் வழியில், பேராதனையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் சுருளை விரித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மொண்ணையாக நிற்கத் தெரியாத நான் முந்திக்கொண்டு, "ரொக்கெட்" என்றேன். தமிழ் தெரிந்த ஒருவர், சிவில் உடுப்பில், வந்து எழுத்துக்கூட்டினார்.

"தாக்கு... கோணம். எங்க சேர் தாக்கப் போறீங்க?"

"ஐயா, அதுங்க... காத்துங்க..." என்றேன்.

"யார் எழுதினது?"

என் விரலெல்லாம் சிவப்பு. கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். நேசன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

"நான்தான்."

அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; என்னுடையதில் தோட்டத்து விலாசம். வேறு கேள்வி இல்லை. என்னை ஏறச் சொன்னார்கள். ஏறினேன்.

ஐந்தாம் நாள் வந்தான், ஒரு காது வீங்கி. அவன் சாப்பிட நான் வாங்கிவைத்த பாணைத் தொடவில்லை.

"உன்னை மட்டும் ஏன் விட்டவங்கள்?"

"கார்டப் பாத்துத்தான்."

"ஓம்" என்றான். அப்படியொரு ஓமை அதற்குமுன் நான் கேட்டதில்லை. பிறகு நான் அறைக்குள் வந்தால், எழுதும் கடிதத்தைக் கவிழ்த்து வைப்பான். நான் மட்டும் என்ன? அங்கே என் பெயரையும் சொல்லியிருப்பானோ என்று ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் அவன் முகத்தையே பார்த்தேன். தவணை முடிய வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வாங்கிப் போனான். விலாசம் தரவில்லை; நான் கேட்கவுமில்லை.

மணல்மூட்டை இருந்த இடத்தில் இப்போது ஒருவர் றம்புட்டான் பழம் விற்கிறார். அந்தப் படம் திரும்பவேயில்லை. கலஹா பஸ் அங்கே வேகம் குறைக்கிறது. யாரும் இறங்கச் சொல்வதில்லை. என் வலது கை மட்டும் தானாகப் பைக்குள் போய்விடுகிறது.