தோளுக்கு ஏற்ற கட்டை

என் கணவர் முயல் சுடுவார். கிள்ளானில் பிறந்து, நியூ லின்னில் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த மலேசியத் தமிழருக்கு ஓக்லாந்துக்கு வந்த பிறகு பிடித்த பைத்தியம் அது. முறைப்படி லைசென்ஸ் எடுத்தார். கராஜ் சுவரில் இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வைக்காட்டோப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்விடுவார். பண்ணைக்காரருக்கு முயல் பெரிய தொல்லை, ஆகவே இவர் போனால் அவருக்குச் சந்தோஷம். முயலோடு திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லை. உரிப்பது, வெட்டுவது, மிளகு போட்டுப் பிரட்டுவது எல்லாம் அவரேதான்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அதனால் துவக்கு என்றாலே எனக்கு நடுக்கம் வரவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் துப்பாக்கி என்பதை நாங்கள் துவக்கு என்போம். எனக்கு நடுக்கம் கிடையாது, எரிச்சல்தான். அந்தச் சாமான் கராஜைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். லைசென்ஸ் விஷயமாக விசாரிக்க வந்த பெண், இவர் கையில் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். இவர் மோட்டர்வேயில் கார் ஓட்டுவதுதான் பயம் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

2014இன் தொடக்கத்தில் அவருடைய வலது கையில், பெருவிரலுக்குக் கீழே சதை வற்றத் தொடங்கியது. பென்சில் நழுவியது. சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்தது. மூன்று டாக்டர்களைத் தாண்டி நாலாவதாகப் பார்த்தவர்தான் பெயர் சொன்னார். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய், மருந்து இல்லை. உங்களுக்கு முதலில் கைகள், பிறகு பேச்சு, பிறகு மூச்சு என்ற வரிசையில் போகும் போலத் தெரிகிறது என்றார். ரயிலில் அடுத்தடுத்த ஸ்டேஷன்களை அறிவிக்கிற குரல் அவருக்கு. அவரை அறைந்தால் என்ன என்று எனக்கு இருந்தது.

செய்தி பரவியதும் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோயில் ஆட்கள் விபூதியும் மஞ்சள் தண்ணீர் யோசனையும் கொண்டுவந்தார்கள். அவருடைய சர்ச் ஆட்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். ஒரு அக்கா பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னா. இவர் எல்லாவற்றையும் குடித்தார், தலையில் கைவைத்த எல்லோருக்கும் குனிந்தார். அவர்கள் போன பிறகு நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். சமையலறையில் அழுவேன். அவருக்குச் சோறு பிசையும்போது சோற்றுக்குள் அழுதிருக்கிறேன். அழுகையை மறைக்கத் தெரியாதவள் நான், கோபத்தையும்தான்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னொரு வாட்டி பண்ணைக்குப் போய் ஒரே ஒரு முயல் சுட்டுட்டா போதும் லா. அப்பறம் எது வந்தாலும் பாத்துக்கலாம்."

அவருடைய பழைய துவக்கில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் பக்கத்தில் இருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். அது இனி நடக்காது. ஆகவே அதை விற்றுவிட்டு, சிறிய ரவை, அதாவது குண்டு, போடுகிற பழைய செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினார். அது அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும், சுடுகிறவருக்கு ஒரு விரல் இருந்தால் போதும். ஆனால் அதன் கட்டை, அதாவது தோளில் முட்டுக்கொடுக்கிற மரப்பகுதி, முழு ஆரோக்கியமான ஒரு வெள்ளைக்காரனின் கைக்குச் செய்தது. நீளமும் கூட, பாரமும் கூட. அதைத் தன் அளவுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிக் கராஜில் வேலையைத் தொடங்கினார். இரண்டாவது சனிக்கிழமை அரம் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் தானும் விழுந்தார். தூக்கி உட்காரவைத்துவிட்டு, அரத்தை நான் எடுத்தேன்.

எனக்கு அந்த வேலை புதிதில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் சோபா செய்யும் ஃபேக்டரியில் பதினொரு வருடம் வேலை செய்தவள். சட்டத்தைச் சீவுவதிலிருந்து பஞ்சு வைத்துத் தோல் இழுத்து ஆணி அடிப்பதுவரை எல்லாம் தெரியும். அவர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, இரும்புப் பகுதியைக் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒருநாள் மழைக்குப் பயந்து அதைச் சமையலறை மேசைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

"துப்பாக்கி வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்ன ஆளு யாரும்மா?" என்று சிரித்தார்.

"இது வெறும் பலகையப்பா. பேசாம கையை நீட்டுங்கோ, அளக்கோணும்."

முதலில் பின்பக்கத்தில் இரண்டு விரல் அளவு வெட்டினேன். அவர் கோடு போட்டுத் தந்தார், அந்தக் கோடு நடுங்கியிருந்தது. வரைபடம் போட்டே சாப்பிட்ட மனிதரின் கோடு அது. நான் அந்தக் கோட்டின்படியேதான் வெட்டினேன், நேராக்கவில்லை. பிறகு தோள் எலும்பு குத்தாமல் ஃபேக்டரிக் கழிவுப் பஞ்சில் ஒரு மெத்தை வைத்தேன். பாரம் குறைய உள்ளே மரத்தைக் குடைந்தேன். விரல்கள் சுற்றிப் பிடிக்கத் தோதாகக் கைப்பிடியை ஒடுக்கினேன். கழுத்து குனிய மறுத்தபோது, கன்னம் வைக்கிற இடத்தை உயர்த்தித் தோல் போர்த்தினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம். வேலை முடிந்து அவரிடம் கொடுத்துப் பார்க்கும்போது அவர் அதற்குள் கொஞ்சம் சிறுத்திருப்பார். போன மாதத்துத் தோள் இந்த மாதம் இருக்காது. திரும்பவும் மெத்தையைப் பிரிப்பேன். என்னால் ஆகாத ஒன்றோடு போட்டி போடுகிறேன் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரத்தில் வேறு எதற்கும் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரும் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். இடது பக்கம் கொஞ்சம் சீவு என்பார். மெத்தை கல்லு மாதிரி இருக்கு என்பார். அப்படிக் குறை சொல்கிற ஆளே இல்லை அவர், என் சமையலைப் பதினாறு வருடம் வாய் திறக்காமல் சாப்பிட்டவர். ஒரேயொரு இடத்தைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. விசையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னால், வெறும் துவக்கில் சுட்டுவிரலைக் கொளுவி, "இது சரியா இருக்கு, மத்ததைப் பாரு" என்பார்.

செப்டம்பர் கடைசியில் போனோம். காரில் சக்கர நாற்காலியும், துவக்கை வைத்துச் சுட நான் தைத்த தோல் பையும் இருந்தன. பைக்குள் பாசிப்பயறு நிரப்பியிருந்தேன், மணலைவிடப் பாரம் குறைவு. அதற்குள் அவருடைய பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. ஒரு வசனத்தை முடிக்க இரண்டு முறை மூச்செடுப்பார். பண்ணைக்காரர் வேலி ஓரமாக நாற்காலியைத் தள்ள உதவினார். எதிரே சின்ன மேடு, பச்சைப் புல். நாங்கள் காத்திருந்தது அரைமணி நேரம்கூட இருக்காது, ஒரு முயல் வெளியே வந்து உட்கார்ந்து முகம் துடைத்தது.

நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, நான் பையை அதன்மேல் வைத்தேன். பண்ணைக்காரர் துவக்கைத் தயார் செய்து பைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நின்றார். கட்டை என் கணவரின் தோளில் போய் அமர்ந்தது. கன்னம் தோலில் படிந்தது. கழுத்து நேராக, கண் குறிக்கு நேராக. அளவெடுத்துத் தைத்த சட்டை போல அப்படிப் பொருந்தியிருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம் வந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன்.

வெடிச் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. முயல் புல் கடித்தது, இரண்டு அடி தள்ளிப்போய் மறுபடி கடித்தது. அவர் நெற்றியில் வேர்வை. பிறகு முயல் சாவகாசமாக மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"எறக்கிடும்மா," என்றார்.

முயலைக் கொல்லாமல் விட மனம் வந்ததே, நல்ல மனிதர் என்று பண்ணைக்காரர் இவர் தோளில் தட்டினார். நானும் அப்படித்தான் நம்பினேன். திரும்பி வரும்போது பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கேட்டேன்.

"பாவம் எண்டு விட்டிட்டியளோ?"

"இல்ல. வெரல் வரல."

"இண்டைக்கு மட்டுமோ?"

அவர் மூச்செடுத்தார். "மே மாசமே போச்சு."

மே. நான் மரத்தைக் குடைந்தது ஜூனில். கைப்பிடியை ஒடுக்கியது ஜூலையில். கன்னத்துக்குத் தோல் போர்த்தியது ஆகஸ்டில். எல்லாம் சுட முடியாத ஒரு மனிதருக்கு.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"அந்த... கராஜ்ல மட்டுந்தான் நீ... அழாம இருந்த."

என்மேல் இருந்த அன்பில்தான் செய்தார் என்று பிறகு கேட்டவர்கள் எல்லாம் உருகினார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை. காரை நிறுத்திய இடத்திலேயே ஸ்டீயரிங்கில் அடித்துக் கத்தினேன். கரண்டி பிடிக்க முடியாத கையில் விசை இழுக்க மட்டும் பலம் மிச்சம் இருக்கும் என்று நம்பியவள் நான்தானே. தினம் சோறு ஊட்டியவளுக்குத் தெரியாதா? தெரியாமலிருக்க எனக்கும் ஒரு வேலை தேவைப்பட்டது, அவர் அதைக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் அவருக்குப் பேச்சு முற்றாக நின்றது. மார்ச்சில் போய்விட்டார். துவக்கை லைசென்ஸ் இல்லாத நான் வைத்திருக்க முடியாது, துவக்குக் கடைக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போனார். இந்தக் கட்டையை யாருக்கும் விற்க முடியாது, வேறு கட்டைதான் போடவேண்டும் என்றார். சரி என்றேன். நாலைந்து வருடம் கழித்து, பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துவக்குகளைத் தடைசெய்து அரசாங்கம் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியபோது, உங்களுடையதைக் கொடுத்துவிட்டீர்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். எங்களுடையது எப்போதோ போய்விட்டது.

நான் நினைப்பது துவக்கைப் பற்றி அல்ல. டாக்டர் வரிசை சொல்லியிருந்தார்: கைகள், பிறகு பேச்சு. மே தொடங்கி ஆகஸ்ட்வரை அவருக்குக் குரல் நன்றாக இருந்தது. அந்த நாலு மாதமும் சனிக்கிழமைகளில் கராஜில் அவர் எனக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் சாண்டர் மெஷினை ஓடவிட்டு, தூசுக்கு முகமூடியும் சத்தத்துக்குக் காதுமூடியும் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி மரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் ஒருநாள் எதற்கோ திரும்பினேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. காதுமூடியை ஒரு பக்கம் தூக்கி, "என்னப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பேசிட்டிருந்தேன். நீ செய்யி."

"பொறுங்கோ, இந்தப் பக்கம் முடியட்டும்," என்று சொல்லிவிட்டு, காதை மூடிக்கொண்டு திரும்பவும் மெஷினைப் போட்டேன்.