பாயில் டெஸ்ட் பாஸான டர்போ

போன வருஷம் ஏலகிரி மலைப்பாதையின் ஏழாவது வளைவில் ஆபேலின் நூற்றைம்பது சிசி பைக் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவன் மனைவி ஆக்னஸ் பட்டுப்புடவையும் கையில் கேக் டப்பாவுமாக இறங்கி நடந்தாள். மலைமேல் குடியிருக்கும் அவள் தங்கை ஃபீபி அந்த நேரம் பார்த்துக் காரில் பின்னால் வந்தாள். கண்ணாடியை இறக்கி, "இன்னாக்கா, வாக்கிங்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஆம்பூர் வரைக்கும் கூடவே வந்தது. வருஷம் முழுக்க வீட்டிலேயே தங்கிவிட்டது.

இந்த வருஷமும் ஃபீபி மகனின் பிறந்தநாள் சாப்பாடு மேலேதான். ஆக்னஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "உங்க வண்டி என்னை உக்கார வெச்சே மேல ஏத்தணும். இல்லன்னா நான் பஸ்ல போய்டுவேன். நீங்க தனியா வாங்க."

ஆபேல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தையல் மெஷின் முதல் கம்ப்ரஸர் வரை எது படுத்தாலும் அவனைத்தான் தேடுவார்கள். வேறு ஒருவனாக இருந்தால் பெரிய பைக்காகப் பார்த்திருப்பான். இவன் பழைய இரும்புக் கடையிலிருந்து, அடிபட்ட குட்டி டீசல் கார் ஒன்றின் டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்தான். தேங்காய் அளவுதான் இருந்தது.

"வெளிய போற புகை இந்தச் சக்கரத்தைச் சுத்தும். அது சுத்தினா, அந்தப் பக்கம் இருக்கிற சக்கரம் காத்தை இன்ஜினுக்குள்ள திணிக்கும். சும்மா போற புகைகிட்ட வேலை வாங்குறோம்."

"அப்போ எங்க அண்ணனையும் அதுல மாட்டுங்க. நாளுக்கு ரெண்டு பாக்கெட் புகை வருது."

துணி துவைக்கும் இடம் ஒர்க்‌ஷாப் ஆனது. ஏழு மாதம் ஞாயிறுதோறும், சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். வளைத்த பைப்புகளை வெல்டிங் செய்தான். காற்றைத் தேக்கி வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. ஆக்னஸின் மூன்று லிட்டர் குக்கர் காணாமல் போனது. அவள் அதை பைக்கின் வயிற்றில் கண்டுபிடித்தபோது ஏற்கெனவே இரண்டு ஓட்டை விழுந்திருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வெயிட்டையாவது குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு இடம்தான் பாக்கி. டர்போவுக்குள் ஓடும் ஆயில் கீழே இறங்கும் மூட்டில் கசிவு. அதை அடைக்க மூட்டுக்கு நடுவே ஒரு நல்ல கேஸ்கெட் வேண்டும். பக்கத்து வீட்டு சுஹேல் அகமது தோல் பதனிடும் ஷெட்டில் சூப்பர்வைசர். விஷயத்தைக் கேட்டவர் பையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து நீட்டினார்.

"பாயில் டெஸ்ட் பாஸ் ஆன தோலு. ரெண்டு நிமிஷம் கொதிக்கிற தண்ணில கெடந்துது, ஒரு சுருக்கம் இல்ல. இதுக்கு மேல இன்னா வேணும் தோஸ்த்?"

வேறு ஊர்க்காரன் சிரித்திருப்பான். ஆபேலுக்குச் சந்தேகமே வரவில்லை. கொதிநீரில் சுருங்காத தோலை லாரியில் ஏற்றலாம், கப்பலில் ஏற்றலாம். அந்த ஊரில் அதற்கு மேல் பரீட்சை கிடையாது. அளவெடுத்து வெட்டி வைத்தான்.

சனிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய விசில் கிளம்பியது. சுஹேல் கைதட்டினார். ஆபேல் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. கால் மணி நேரம் ஓடியிருக்கும். பிறகு வாசனை வந்தது.

எதிர் வீட்டிலிருந்து கோதண்டபாணி பேப்பரும் கையுமாக வந்தார். முப்பது வருஷம் தோல் தரம் பிரித்தவர். மூக்கை மட்டும் தூக்கினார்.

"ஆட்டுத்தோலு. க்ரோம் போட்டுப் பதம் பண்ணது. யார்பா கொளுத்துறது?"

கழற்றினால் கேஸ்கெட் சுண்டைக்காய் வத்தலாகக் கிடந்தது. ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. சுஹேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "லாட் நம்பர் சொல்லட்டுமா? பாஸ் ஆன தோலுபா இது!"

ஆக்னஸ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பாய், தண்ணி எவ்ளோ கொதிச்சாலும் நூறு டிகிரிதான். இந்த டர்போ அதுக்கு ரெண்டு மடங்கு சூடு. உங்க ஆடு பாவம் இன்னா பண்ணும்?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டபாணி பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

அன்று மத்தியானமே ஆபேல் ஒரு செம்புத் தகட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கினான். வெட்டிப் பொருத்தினான். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தும் சொட்டுக் கசிவில்லை.

மறுநாள் மலை. ஆறு வளைவும் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. ஏழாவதில் திரும்பும்போது எதிரே பஸ் இறங்கியது. பாதை முழுக்க அதற்கே வேண்டியிருந்தது. ஆபேல் நிறுத்தினான்.

நிறுத்திய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வேகம் இருந்தால்தான் புகை. புகை இருந்தால்தான் டர்போ. நின்ற இடத்திலிருந்து மேட்டில் கிளம்ப, இது போன வருஷத்து அதே பைக்தான்.

பஸ் கடந்தது. கிளட்சை விட்டான், வண்டி அரை அடி நகர்ந்து உதறியது. பின்னால் ஆக்னஸின் கால் தரையைத் தேடுவது தெரிந்தது.

"இறங்கட்டாங்க?" குரல் சின்னதாகியிருந்தது.

"காலை மேல வை ஆக்னஸ்."

கிளட்சைப் பாதியில் பிடித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினான். இன்ஜின் அலறியது. சக்கரம் ஊர்ந்தது. கடந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலில் இருந்து யாரோ, "தள்ளட்டுமாண்ணே?" என்று கத்தினார்கள். ஒரு நொடி. இரண்டு. மூன்றாவதில் அந்த விசில் எழுந்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல பைக் பாய்ந்தது. ஆக்னஸ், "ஏசப்பா!" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் பதினாலாவது வளைவு வரை நிறுத்தவில்லை.

ஃபீபி வீட்டு வாசல் வரை ஆக்னஸ் பைக்கில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தாள். சாப்பாட்டுக்கு முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. அவள் முதல் தடவை சொன்னபோது எதிரே வந்தது ஒரு பஸ். பாயசம் வந்தபோது இரண்டு பஸ், பின்னால் ஒரு லாரி. ஆபேல் திருத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றிக்கொண்டு, லாரிக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.